இட்லிக் கடை அம்மாவின் கால்கள்: சிஓபிடி நோயில் உடற்பயிற்சி மறுவாழ்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 58 வயதுப் பெண். ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் அவர் அடுப்பில் எரிந்தது சீமைக்கருவேல விறகு. பீடி, சிகரெட், புகையிலை எதுவும் பழக்கமில்லை. மூச்சுத் திணறல் முற்றி ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்து, வீடு திரும்பி ஆறு வாரம் ஆன நிலையில் என்னிடம் அனுப்பப்பட்டார். நுரையீரல் மருத்துவர் கொடுத்த சீட்டில் 'சிஓபிடி, கடும் நிலை, பிசியோதெரபி தேவை' என்று ஒரு வரி. நுரையீரலின் காற்றுக் குழாய்கள் சுருங்கிப்போகும் நாள்பட்ட நோய்தான் சிஓபிடி. அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

புகையே பிடிக்காதவருக்கு இந்த நோயா என்று மகன் கேட்டார். பலரும் கேட்பதுதான். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத சுமார் 900 பெண்களைப் பரிசோதித்து 2011இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் சிஓபிடி இருந்தது தெரியவந்தது. விறகு, வறட்டி, சுள்ளி எரித்து, காற்றுப் போக்கில்லாத அடுப்படியில் நாளெல்லாம் உட்கார்ந்த நுரையீரல்கள் அவை. இந்த அம்மா வீட்டில் 2016க்குப் பிறகு உஜ்வலா திட்டத்தில் வந்த கேஸ் இணைப்பு உண்டு. ஆனால் சிலிண்டர் விலைக்குப் பயந்து அதில் காலைக் காபி மட்டும்தான். கடைக்கான இட்லிக் கொப்பரை கடைசிவரை விறகில்தான் இருந்தது.

வந்தபோது இருந்த நிலை

முதல் நாள் வாசலில் ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்கி நாற்காலிக்கு வர இருபது அடி இருக்கும். அதற்குள் இரண்டு தடவை நின்றார். உட்கார்ந்ததும் இரு கைகளையும் முட்டியில் ஊன்றி முன்னால் சாய்ந்துகொண்டார். கழுத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் புடைத்துத் தெரிந்தன. பாவாடை நாடா இறுகிக் கட்டியதில் வயிற்றுக்கு மேல் ஆழமான தடம். அந்த இறுக்கத்தில் வயிறு முன்னால் வரவே இடமில்லை. நாடாவைத் தளர்த்திக் கீழே இறக்கிக் கட்டச் சொன்னதுதான் நான் கொடுத்த முதல் சிகிச்சை. மூச்சு நோயோடு வரும் நம் ஊர்ப் பெண்களிடம் இதைப் பார்க்காமல் வேறு எதையும் தொடங்கக்கூடாது என்பது என் எண்ணம்.

வீட்டில் நடந்ததை மகன் சொன்னார். மருத்துவமனையில் இருந்து வந்த பிறகு கடையை மூடிவிட்டார்கள். கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டார்கள். தண்ணீர் எடுப்பது, துணி துவைப்பது, கோலம் போடுவது எல்லாம் மருமகள். "எங்கம்மாவ ஒரு துரும்பக்கூட எடுக்க விடுறதில்ல மேடம், அவ்வளவு பத்திரமா வச்சிருக்கோம்" என்றார். கொரோனா சமயத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தது. கழிப்பறைக்குப் போய் வந்தாலும் விரலில் மாட்டிப் பார்ப்பார்களாம். 90, 91 என்று காட்டினால் உடனே படுக்க வைப்பார்கள். அம்மாவுக்கும் அந்த எண் மனதில் பதிந்துவிட்டது. மூச்சு வாங்கினாலே உயிர் போகப் போகிறது என்ற பயம் வந்துவிட்டது.

அன்பால் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நோய் பாதி, இந்தப் படுக்கை பாதி என்றுதான் அவர் தேய்ந்துகொண்டிருந்தார். உயரம் 150 செ.மீ., எடை 41 கிலோ. தொடைத் தசை கையால் பிடித்தாலே தொளதொளவென்று இருந்தது.

குழாயில் ஊதவைத்து நுரையீரலை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில், மருந்து கொடுத்த பிறகு முதல் விநாடியில் ஊதித் தள்ளிய காற்று 0.75 லிட்டர். அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 43 சதவீதம். மொத்தம் ஊதிய காற்றோடு அதன் விகிதம் 0.52. இது 0.70க்குக் கீழே இருந்தால்தான் சிஓபிடி என்று உறுதி செய்வார்கள். எக்கோவில் இதயம் நன்றாக இருந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை. இந்த இரண்டும் தெரியாமல் நான் யாரையும் நடக்க வைப்பதில்லை. அண்மையில் மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலி கட்டுக்குள் வராதவர், காசநோய்க்கு இன்னும் மருந்து தொடங்காதவர் ஆகியோருக்கு முதலில் வேறு வேலை இருக்கிறது.

மூச்சுத் திணறலை 0 முதல் 4 வரை அளக்கும் எம்எம்ஆர்சி அளவில் அவர் 3. சமதளத்தில் சில நிமிடம் நடந்தாலே நிற்க வேண்டிய நிலை. அன்றாட வாழ்வில் நோயின் பாதிப்பைக் கேட்கும் 'கேட்' (CAT) வினாத்தாளில் 40க்கு 27. எட்டுக் கேள்விகளையும் நானே வாசித்து, அவர் சொன்னதைக் குறித்தேன்.

ஆறு நிமிட நடை

எங்கள் வராந்தா 30 மீட்டர். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2002இல் வகுத்த நெறிமுறை கேட்கும் அளவும் அதுதான். இரண்டு முனையிலும் ஒரு நாற்காலி. ஆறு நிமிடத்தில் தன்னால் முடிந்த மட்டும் நடக்க வேண்டும், தேவைப்பட்டால் நிற்கலாம், கடிகாரம் நிற்காது. பழக்கத்தால் இரண்டாவது முறை கூடுதலாக நடப்பார்கள் என்பதால், அரை மணி நேர இடைவெளியில் இரண்டு முறை வைத்து நல்லதை எடுத்துக்கொள்கிறோம்.

அவர் நடந்தது 228 மீட்டர். இரண்டு முறை சுவரைப் பிடித்து நின்றார். ஆக்சிஜன் அளவு 96இல் தொடங்கி 89 வரை இறங்கியது. நாடித்துடிப்பு 98இல் இருந்து 124. முடிந்ததும் 0 முதல் 10 வரையிலான போர்க் அளவுகோலைக் காட்டி, மூச்சு எவ்வளவு கஷ்டம் என்று கேட்டேன். 6 என்றார். கால் எவ்வளவு என்று கேட்டேன். 7.

"மூச்சக் கூட சமாளிச்சிருவேன் தாயி, காலு ரெண்டும் கடுகடுன்னு கடுக்குது" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் சிகிச்சையின் திசையே இருக்கிறது. நுரையீரல் நோயாளியிடம் காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை. மூச்சு நோய்க்காரருக்கு மூச்சுதான் முட்டும் என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறோம்.

உள்ளே நடப்பது இதுதான். இந்த நோயில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது கடினம். குழாய்கள் சுருங்கி, வெளிமூச்சு முடிய நேரம் எடுக்கும். வேகமாக மூச்சு விட வேண்டி வந்தால், பழைய காற்று வெளியேறி முடிவதற்குள் அடுத்த மூச்சு உள்ளே வந்துவிடும். காற்று தேங்கித் தேங்கி நெஞ்சு உப்பிக்கொள்ளும். ஏற்கனவே உப்பிய நெஞ்சுக்குள் இன்னும் காற்று இழுக்க இடம் ஏது? அந்தத் தவிப்பைத்தான் அவர்கள் 'இளைப்பு' என்கிறார்கள். இப்போது காலுக்கு வருவோம். மாதக்கணக்கில் வேலை செய்யாத தொடைத் தசை, ஆக்சிஜனைப் பயன்படுத்தி நீடித்து உழைக்கும் தன்மையை இழந்துவிடும். சின்ன வேலைக்கே லாக்டிக் அமிலம் சேரும். அந்த அமிலத்தைச் சமன்செய்யும்போது கூடுதலாகக் கரியமில வாயு உண்டாகும். அதை வெளியேற்ற இன்னும் வேகமாக மூச்சு விட்டாக வேண்டும். வேகமாக விட்டால் காற்று இன்னும் தேங்கும். பயந்து படுத்தால் தசை இன்னும் இளைக்கும்.

இந்த வளையத்தை நுரையீரல் பக்கத்திலிருந்து உடைக்க மருந்துகளால் ஓரளவுதான் முடியும். கால் பக்கத்திலிருந்து உடைக்கலாம் என்பதை லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ரிச்சர்ட் கசபுரியின் குழு 1991இலேயே காட்டியது. பயிற்சிக்குப் பிறகு, அதே அளவு வேலைக்கு நோயாளிகளின் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் குறைந்திருந்தது, விட வேண்டிய மூச்சின் அளவும் குறைந்திருந்தது. அதற்கும் முன்பே, 1950களில், படுத்துக் கிடக்கச் சொல்வதுதான் வைத்தியம் என்றிருந்த காலத்தில், படிப்படியாக நடக்க வையுங்கள் என்று அமெரிக்க மருத்துவர் ஆல்வன் பராக் எழுதினார். எழுபது வருடம் கழித்தும் நம் வீடுகளில் கட்டில்தான் வைத்தியமாக இருக்கிறது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

என்ன செய்தோம்

முதலில் அவரையே கேட்டேன், என்ன செய்ய முடிந்தால் போதும் என்று. யோசிக்காமல் இரண்டு சொன்னார். வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலுக்கு யார் கையையும் பிடிக்காமல் போய்வர வேண்டும். தலைக்குத் தானே தண்ணீர் ஊற்றிக் குளிக்க வேண்டும். கோயில் அடுத்த தெரு. போகவர நானூறு மீட்டர் சுமார்.

பயிற்சிக்கு முன் இன்ஹேலரைச் சரிசெய்தோம். வீட்டில் எடுக்கும் விதத்தைச் செய்து காட்டச் சொன்னதில், அழுத்தும்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். மருந்துப் புகை வாய் வழியாகவே திரும்ப வந்தது. இவ்வளவு நாள் மருந்து உள்ளேயே போகவில்லை. மருந்தைத் தேக்கி மெதுவாக உள்ளிழுக்க உதவும் ஸ்பேசர் குழாயை வாங்க வைத்து, பயிற்சிக்கு அரை மணி முன்பு எடுக்கப் பழக்கினோம்.

அடுத்து மூச்சை விடும் முறை. உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும் என்றதும், ஊதுகுழல் பிடித்த பழக்கத்தில் கன்னம் உப்ப ஓங்கி ஊதினார். தலை சுற்றியது. "அடுப்பு ஊதுற மாதிரி வேணாம்மா, சூடான காபிய ஆறட்டும்னு மெல்ல ஊதுவீங்கள்ல, அப்படி" என்றதும் பிடித்துக்கொண்டார். குவிந்த உதடு சுவாசக் குழாய்களுக்குள் சற்று அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. குழாய்கள் பாதியில் மூடிக்கொள்ளாமல் தேங்கிய காற்று வெளியேற நேரம் கிடைக்கிறது. மூச்சை இழுக்க இரண்டு எண்ணிக்கை, விட நான்கு. எழும்போது, தூக்கும்போது, படி ஏறும்போது மூச்சை விட வேண்டும், அடக்கக்கூடாது.

பயிற்சி எட்டு வாரம், வாரம் மூன்று நாள். இரண்டு நாள் எங்களிடம், ஒரு நாள் வீட்டில். நடை வேகத்தை அவருடைய சோதனையில் இருந்தே கணக்கிட்டேன். ஆறு நிமிடத்தில் 228 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 38. அதில் 80 சதவீதம் சுமார் 30 மீட்டர். அதாவது வராந்தாவின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு ஒரு நிமிடம். விலை உயர்ந்த டிரெட்மில் இல்லாமலே சரியான அளவு கிடைத்துவிட்டது. இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓய்வு என்று தொடங்கி, முதல் வாரம் மொத்தம் பத்து நிமிடம் நடந்தார். மூச்சு போர்க் அளவில் 4க்கும் 6க்கும் இடையில் இருக்க வேண்டும். 3க்குக் கீழே இருந்தால் போதாது, 7க்கு மேல் போனால் நிறுத்தம். ஆக்சிஜன் 88க்குக் கீழே போனாலும் நிறுத்தம். அந்த எல்லையை அவர் ஒரு முறையும் தொடவில்லை.

ஆக்சிமீட்டர் விஷயத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. நடந்துவிட்டு நின்றதும் 89, 90 என்று காட்டியது, உட்கார்ந்து உதட்டைக் குவித்து ஊத ஊத இரண்டு நிமிடத்தில் 95க்கு வந்தது. இதை மகனின் கண்ணெதிரே மூன்று நான்கு தடவை காட்டினேன். அதன் பிறகு, வீட்டில் எண் பார்ப்பதைப் பயிற்சி நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். மூச்சு வாங்குவது வேறு, ஆபத்து வேறு என்பது அம்மாவுக்கு உடம்பிலேயே புரிய ஆரம்பித்தது அப்போதுதான்.

தசைக்கு வலு தர நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒரு படி ஏறி இறங்குவது. பழைய சேலைத் துணியில் தைத்த ஒரு கிலோ மணல் பையைக் கணுக்காலில் கட்டி முட்டியை நீட்டுவது. கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் மணல் நிரப்பியது, முக்கால் கிலோ வரும். கை பயிற்சியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கழுத்து, தோள் தசைகளை மூச்சு இழுக்கவே பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்கு, கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அந்தத் தசைகளுக்கு இரட்டை வேலை. செம்பில் மோந்து தலையில் ஊற்றுவது, தலை வாருவது, கொடியில் சேலை உலர்த்துவது எல்லாம் அவருக்கு மலையானது இதனால்தான். ஆகவே மணல் பாட்டிலைத் தோள் உயரத்துக்கு, பிறகு தலை உயரத்துக்கு என்று ஏற்றினோம். குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிக்கவும், கொடியைத் தாழ்த்திக் கட்டவும் சொன்னேன்.

சாப்பாட்டில் தினமும் இரண்டு முட்டை, கைப்பிடி வேர்க்கடலை, ஒரே நேரம் வயிறு முட்டச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுவது. தசையைக் கட்ட உணவு இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் எடை இன்னும் இறங்கும்.

முதல் மூன்று வாரம் ஷேர் ஆட்டோவில் வந்தார். போகவர ஆகும் செலவு மகனின் கூலியில் பெரிய ஓட்டை. இப்படிப்பட்ட பயிற்சிகளில் பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் மூச்சால் நிற்பதில்லை, வண்டிக் கூலியால் நிற்கிறார்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த முதல் படியில் ஏறத் தெம்பு வேண்டுமே. அதனால் படி ஏறும் பயிற்சியின் உயரத்தை வாரா வாரம் கூட்டினோம்.

நான்காவது வாரம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சளி மஞ்சளாகி, அளவு கூடி, இரவில் படுக்க முடியாமல் போனது. மருத்துவர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 40 மி.கி. ஐந்து நாளும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார். மருத்துவமனையில் சேர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. "நடக்க வச்சுத்தான் இப்படி ஆச்சு" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. மகன் போனில், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும் மேடம், அப்புறம் பாக்கலாம்" என்றார். இந்தச் சிகிச்சையில் மிக முக்கியமான கட்டம் என்று நான் கருதுவது இதைத்தான். இந்த நோயில் இடையிடையே இப்படித் திடீரென்று முற்றும் சீற்றம் வரும், பயிற்சி செய்தாலும் வரும், செய்யாவிட்டாலும் வரும். சீற்றத்தின்போது தொடைத் தசை சில நாட்களிலேயே வலுவிழக்கும், ஸ்டீராய்டும் அதில் சேர்ந்துகொள்ளும். 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டால் திரும்ப வருவது அரிது. வீட்டுக்குப் போனேன். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, எழுந்து உட்காருவதை ஐந்து தடவை மட்டும் செய்ய வைத்தேன். மறுநாளும் அதேதான் என்று மருமகளிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து வராந்தாவுக்குத் திரும்பினார். முதல் நாள் முன்பு நடந்ததில் பாதிதான் முடிந்தது. இரண்டு வாரத்தில் பழைய அளவைத் தாண்டினார். விட்டுப்போன அமர்வுகளைச் சேர்த்து எட்டு வாரத்தை முழுதாக முடித்தோம்.

முடிவில்

ஆறு நிமிட நடை 291 மீட்டர், ஒரு முறையும் நிற்கவில்லை. தொடக்கத்தைவிட 63 மீட்டர் அதிகம். நோயாளிக்குத் தானே தெரியும் அளவு முன்னேற்றம் என்று 30 மீட்டரைச் சொல்வார்கள். நடந்து முடித்ததும் மூச்சு 4, கால் 4. ஒரு நிமிடத்தில் உட்கார்ந்து எழுந்தது 11இல் இருந்து 17. கேட் மதிப்பெண் 27இல் இருந்து 18. எம்எம்ஆர்சி 2. எடை 42.3 கிலோ.

ஸ்பைரோமெட்ரியில் முதல் விநாடிக் காற்று 0.76 லிட்டர். அதாவது மாற்றமில்லை. நடையின்போது ஆக்சிஜன் இறங்கிய அளவும் அதே 89தான். இதைக் குடும்பத்திடம் ஒளிக்காமல் சொன்னேன். நுரையீரல் குணமாகிவிட்டது என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடக்கூடாது.

இது ஒருவருக்குக் கிடைத்த பலன். பலருக்கும் கிடைக்குமா என்பதற்கு விடை ஏற்கனவே இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பு 65 ஆய்வுகளையும் 3,822 நோயாளிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்கள் ஆறு நிமிட நடையில் சராசரியாக 44 மீட்டர் முன்னே இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடும் புதிய சோதனைகள் இனித் தேவையில்லை என்றே அதை எழுதியவர்கள் முடித்தார்கள். அந்த அளவுக்கு உறுதியான சான்று. ஆனால் இந்தப் பயிற்சி நோயாளிகளிடம் போய்ச் சேருவதில்லை. அமெரிக்காவில் 2014இல் சிஓபிடிக்காக மருத்துவமனையில் இருந்து திரும்பிய 1,97,376 முதியவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். 90 நாளுக்குள் பயிற்சி தொடங்கியவர்கள் 1.5 சதவீதம். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள், அவர்களில் 7.3 சதவீதம், மற்றவர்களில் 19.6 சதவீதம். கொஞ்சம் திடமாக இருப்பவர்கள்தான் பயிற்சிக்கு வந்திருப்பார்கள், அதனாலும் வேறுபாடு கூடித் தெரியும் என்பது உண்மைதான். அந்தக் காரணங்களைக் கழித்துக் கணக்கிட்ட பிறகும் பலன் கணிசமாக நின்றது. பணமும் வசதியும் உள்ள நாட்டிலேயே நூற்றில் இரண்டு பேர்கூட இல்லை. நம் ஊரில் அந்தச் சீட்டில் ஒரு வரி எழுதப்பட்டதே எவ்வளவு அரிது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

எங்களுக்குத் தேவைப்பட்டவை ஒரு வராந்தா, இரண்டு நாற்காலி, ஒரு ஆக்சிமீட்டர், மணல். கூடவே நின்று எண்ணுகிற ஒரு ஆள்.

ஆறாவது மாதம் மறுபடி நடக்க வைத்தேன். 272 மீட்டர். கிடைத்ததில் கொஞ்சம் இறங்கியிருந்தது. மேற்பார்வை நின்றதும் பலன் மெல்லக் கரைவது எல்லா இடத்திலும் காணப்படுவதுதான். வெள்ளிக்கிழமை கோயில் நடை தவறவில்லை. ஆனால் மணல் பை மூலையில் கிடந்தது. தலைக்குத் தானே ஊற்றிக்கொள்கிறார். நகரப் பேருந்தில் மருமகளோடு வந்திருந்தார். கடையை மருமகள் திறந்துவிட்டார். கொப்பரை இப்போது கொல்லைப்புறத்தில் திறந்த கொட்டகையில் இருக்கிறது, ஆனால் அடுப்பு இன்னும் விறகுதான். மாவு ஊற்ற ஆள் இல்லாத நாளில் அம்மா அடுப்பருகே போய் நிற்கிறார். புகையை முழுதாக விலக்க எங்களால் முடியவில்லை. சிலிண்டர் விலைக்கு என்னிடம் பயிற்சி ஏதுமில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள். அவர் ஊருக்கு வருபவரிடம் பேசி, பயிற்சி அட்டையைக் கொடுத்திருக்கிறேன். வரும்போதெல்லாம் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை உட்கார்ந்து எழுகிறார் என்று எண்ணிக் குறிப்பார், 14க்குக் கீழே இறங்கினால் எனக்குச் சொல்வார். ஃப்ளூ தடுப்பூசி போட்டாயிற்று, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசிக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். புரட்டாசி பிறந்ததும், மழைக்கு முன்பாக, நான்கு வாரம் மறுபடி வராந்தாவுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.